ரோக்சியின் கினிக்கோழிகள்

வெர்னனின் பக்கத்துப் பண்ணைக்குக் குடிவந்த வருஷமே ரோக்சேனை உண்ணி கடித்து, அதில் வந்த நோயால் கோடை முழுக்க மூட்டுவலியோடு படுத்துக் கிடந்தாள். எழுந்து நடமாடத் தொடங்கியதும், உண்ணிகளைப் பொறுக்கித் தின்னும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஒரு கூட்டம் கினிக்கோழிகளை வாங்கி வந்து அவிழ்த்துவிட்டாள். அன்றோடு வெர்னனின் நிம்மதி போயிற்று.

வெர்னன் ஹோஸ்டெட்லர் தீவன ஆலையில் லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர். ஓஹையோவில் சரளைச் சாலை ஒன்று முடியும் இடத்தில் வீடு. மனைவி மார்லீன் இறந்த பிறகு தனி ஆள். மகன் கிரெய்க் தொலைவில் டல்சா நகரத்தில் இருந்தான்; கிறிஸ்துமஸுக்குப் போன் செய்வான்.

கினிக்கோழிகளுக்கு எதைப் பார்த்தாலும் அலறல்தான். தபால் வண்டி வந்தால், எரிவாயு லாரி திரும்பினால், காற்றில் ஒரு பிளாஸ்டிக் பை பறந்தால்கூட, எண்ணெய் காணாத கைப்பம்பைப் பத்துப் பேர் சேர்ந்து அடிப்பதுபோல் கத்தும். வெர்னன் டிவி சத்தத்தைக் குறைப்பார், எழுந்துபோய் ஜன்னல் திரையை விலக்குவார், திரும்பி வந்து உட்காருவார். மறுபடி கத்தும்.

வேலியோரம் நின்று ஒருநாள் கேட்டே விட்டார்.

"ரோக்சி, இதுங்க வாயை அடைக்க வழியே இல்லையாம்மா?"

"நாய் வச்சா சோறு போடணும் வெர்ன். இதுங்க சும்மாவே காவல் காக்குதுங்க. உங்களுக்கும் சேர்த்துத்தான், காசு கேட்டேனா?"

ஊராட்சி அலுவலகத்தில் போய்ப் புகார் சொன்னார்; விவசாயப் பகுதியில் கோழி கத்துவதைத் தடுக்கச் சட்டம் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு, கோழிகள் வழக்கத்தைவிடப் பெரிதாக அலறின. ஜன்னலில் பார்த்தால் நிஜமாகவே வெள்ளைக் கார் ஒன்று உள்ளே வந்துகொண்டிருந்தது. வெர்னன் அவசரமாகச் சட்டையை மாற்றிக்கொண்டு, ஈரக் கையால் தலைமுடியைப் படிய வைத்து, வெளியே ஓடினார். காரில் முன்பின் தெரியாத இளைஞன். வழி தவறிவிட்டதாம்.

"காபி போட்டு வச்சிருக்கேன், ஒரு வாய் குடிச்சிட்டுப் போறியாப்பா?"

"இல்லைங்க, நேரமாச்சு."

கார் திரும்பிப் போனது. வேலிக்கு அந்தப் பக்கம் ரோக்சேன் தீவன வாளியோடு நின்றிருந்தாள்.

"என்ன வெர்ன், சர்ச்சுக்குக் கிளம்பினாப்ல இருக்கீங்க?" என்று சிரித்தாள்.

அவர் சட்டைப் பித்தானைத் தடவிக்கொண்டே நின்றார். "எனக்குச் சத்தம் தொந்தரவில்லம்மா. லாரியில நாற்பது வருஷம் கேட்காத சத்தமா? இதுங்க கத்துறப்பல்லாம் யாரோ வந்துட்டாங்கன்னு எழுந்து போறேன். யாருமே இல்ல."

ரோக்சேன் அந்த வாரமே தன் கொட்டகைக்கு அந்தப் புறம் வலை கட்டிக் கோழிகளை அடைத்தாள். சத்தம் தேய்ந்து, காது வைத்துக் கேட்டால்தான் கேட்கும் என்றாயிற்று.

வெர்னன் பேஸ்பால் ஆட்டங்களை முழுசாகப் பார்த்தார். மூன்றாவது மாலை பாதி ஆட்டத்தில் டிவியை அணைத்துவிட்டு கிரெய்க்கை அழைத்தார்.

"என்னப்பா, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். ஒரு நடை வந்துட்டுப் போயேன்டா."

இதுவரை அவர் அப்படிக் கேட்டதே இல்லை.

"வேலை இப்போ கழுத்தை நெரிக்குதுப்பா. வசந்தத்துல பார்ப்போம்."

"சரி, பார்ப்போம்," என்றார் வெர்னன். போனை வைத்துவிட்டு, இருட்டுமுன் விறகை உள்ளே எடுத்துவைக்கப் போனார்.