மடையில் இருந்து நான்காவது மனை

வடிவம்மாள் நகரில் பேச்சித்தாயைத் தெரியாது என்று ஒருவர் சொன்னால், அவர் அங்கே குடியிருக்கவில்லை என்று அர்த்தம். பாளையங்கோட்டையைத் தாண்டி, டவுன் பஸ் திரும்புகிற இடத்தில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் வருகிற ஊர் அது. நகர் என்பதெல்லாம் பெயருக்குத்தான். வயலை மனை போட்ட இடத்தில் முப்பது வீடுகள். திருநெல்வேலி மாநகராட்சி ஆனபோது எல்லைக்கோடு இவர்களுக்கு அரைக் கிலோமீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டது. மற்றவர்கள் மனத்தாங்கலோடு பேசிக்கொண்டார்கள். பேச்சித்தாய் மட்டும், வீட்டுத் தீர்வை குறைச்சல்தானே என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

பாளையங்கோட்டையில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் அவள் ஆயா. தெருவிளக்கு எரியாவிட்டால் நேரே லைன்மேன் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிடுவாள். அவருடைய இரண்டு பிள்ளைகளையும் பிறந்தவுடன் குளிப்பாட்டிக் கையில் கொடுத்தவள் அவள்தான், அவரால் என்ன சொல்ல முடியும்? பேச்சித்தாய்க்குக் கணக்கு தப்பாது என்று நகரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே அவள்தான் என்பான் லாரி ஓட்டுகிற அவள் கணவன் செந்தூர்பாண்டி.

அப்படிப்பட்டவளுக்குத்தான் ஒரு கணக்கு தப்பியது. அதுவும் சின்னக் கணக்கு இல்லை, வீட்டையே கட்டி முடித்த பிறகு தெரிந்த கணக்கு.

அவள் வாங்கியது கீழ வரிசையில் நான்காம் மனை. ரோட்டுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே அந்த வரிசையில் பன்னிரண்டு மனைகள். எல்லைக்கல் நட்ட பிறகும் நிலத்தைச் சும்மா போட மனம் வராமல் பழைய சொந்தக்காரர் உளுந்து விதைத்தார். உழுததில் கற்கள் போன இடம் தெரியவில்லை. பேச்சித்தாய் அதற்கெல்லாம் கவலைப்படவில்லை. சேரன்மகாதேவியில் வயலோடு வளர்ந்தவள். அங்கே தண்ணீர் முதலில் பாய்கிற வயல்தான் முதல் வயல். அவள் அப்பா குத்தகைக்குப் பார்த்த வயல் மடையில் இருந்து ஏழாவது. மனையையும் அவள் வாய்க்கால் மடையில் இருந்துதான் எண்ணினாள். கயிறு பிடித்து நான்காவதில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி, 1991 தை மாதம் பால் காய்ச்சினாள். அந்த வரிசையில் வேறு வீடே இல்லாததால் கேட்பதற்கும் ஆள் இல்லை.

கேட்க ஆள் வந்தது ஐந்து வருடம் கழித்து, ஒரு பங்குனி வெயிலில். நாக்பூரில் ரயில்வே உத்தியோகம் முடித்துத் திரும்பியிருந்த சுந்தர்ராமனும் அவர் மனைவி நாகலக்ஷ்மியும் தங்கள் ஒன்பதாம் மனையைத் தேடிக்கொண்டு, கூடவே ஒரு சர்வேயரையும் அழைத்து வந்தார்கள். சர்வேயர் ரோட்டோரத்தில் இருந்து சங்கிலி பிடித்துக்கொண்டே வந்து பேச்சித்தாயின் அடுப்படிச் சுவரில் முட்டி நின்றார். வரைபடத்தை விரித்தார்கள். படத்தில் ஒன்றாம் மனை ரோட்டில் இருந்தது.

"ரோட்டுல இருந்தா எண்ணுவாங்க?" என்று கேட்டாள் பேச்சித்தாய். சர்வேயர் சிரித்துவிட்டார். பதினெட்டு வருடம் உழைத்துச் சேர்த்த காசு அடுத்தவர் மண்ணில் வீடாக நிற்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. அவளுடைய உண்மையான மனை ஐந்து மனை தள்ளி, ரோட்டுப் பக்கத்தில், சும்மா கிடந்தது.

ஆனாலும் அவள் அழவில்லை, மழுப்பவும் இல்லை. தப்பு தன்னுடையதுதான் என்று முதலில் சொல்லிவிட்டாள். சுந்தர்ராமன் நல்ல மனிதர். பரிவர்த்தனைப் பத்திரம் என்று ஒன்று இருக்கிறது, மனையை மாற்றி எழுதிக்கொண்டால் போயிற்று என்றார். செந்தூர்பாண்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாகலக்ஷ்மி மட்டும் அந்த வெற்று மனையைப் பார்த்துக்கொண்டே, மழைக்காலத்தில் அது எப்படி இருக்கும் என்று கேட்டாள்.

பங்குனி வெயிலில் தரை கல்லாக இறுகிக் கிடந்தது. நல்ல மனைதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்தது. செந்தூர்பாண்டி மனைவியின் முகத்தையே பார்த்தான்.

"ஐப்பசியில முழங்கால் தண்ணி கெடக்கும் மாமி" என்றாள் பேச்சித்தாய். "வாய்க்கா பக்கம் மேடு. அங்கன இருந்து வடியுத தண்ணிய ரோடு மறிச்சிரும்."

நாகலக்ஷ்மி தரையைக் காலால் தட்டிப் பார்த்தாள். பிறகு தன் முடிவைச் சொன்னாள். "ஐப்பசி மழை பெய்யட்டும். நான் வந்து பார்க்கறேன். ஜலம் நிக்கலைன்னா மாத்தி எழுதிக்கலாம். நின்னா என் மனையை எனக்குக் குடுத்துடு."

அவர்கள் போனதும் செந்தூர்பாண்டி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "வாய மூடிட்டு இருந்திருக்கலாம்லா ஏட்டி?"

"இருந்திருக்கலாம். பொறவு அவங்க வீட்டுக்குள்ள தண்ணி ஏறும்போது நான் இங்கன எப்படிப் படுத்து ஒறங்குவேன்?" என்றாள் அவள். "தண்ணிக்குப் போக ஒரு வழி இல்லாமலா இருக்கும்? மம்பட்டிய எடுங்க."

வயலாக இருந்தபோது அந்தத் தண்ணீர் எங்கேயோ வடிந்துதானே இருக்க வேண்டும்? அதைத்தான் அவள் யோசித்தாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ரோட்டோரத்தைக் கிளறியதில், ரோட்டுக்கு அடியில் ஒரு பழைய சிமெண்டுக் குழாய் வாய் அடைத்துக் கிடந்தது தெரிந்தது. உள்ளே மண், பாலிதீன் பை, யாரோ விட்டெறிந்த ஒற்றைச் செருப்பு. மூன்றாவது ஞாயிறு மேல வரிசைக்காரர்களும் மம்பட்டியோடு வந்தார்கள். மழைக்காலத்தில் அவர்கள் வாசலிலும் தண்ணீர் கட்டுகிறது, சும்மா வருவார்களா? வேலை முடிந்து வந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவள் வரிசை நெடுக வடிகால் வெட்டினாள். எந்த இடத்தில் எவ்வளவு சரிவு வேண்டும் என்று கேட்டால் குடத்துத் தண்ணீரை ஊற்றிக் காட்டுவாள். ஆவணி முடிவதற்குள் குழாயின் மறுபக்கத்தில் வெளிச்சம் தெரிந்தது. செந்தூர்பாண்டி குனிந்து பார்த்துவிட்டு, முதல் தடவையாகச் சிரித்தான்.

ஐப்பசியில் மழை ஒரு குறையும் வைக்கவில்லை. மூன்று நாள் விடாமல் அடித்து ஓய்ந்த காலையில் நாகலக்ஷ்மி குடையும் கையுமாக வந்து சேர்ந்தாள். பின்னாலேயே சுந்தர்ராமன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். வடிகாலில் தண்ணீர் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. மனை நடுவில் சேறு இருந்ததே தவிர தண்ணீர் இல்லை. சுந்தர்ராமன் நன்றாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, பரவாயில்லையே என்றார். நாகலக்ஷ்மியும் தலையாட்டினாள்.

அதோடு விட்டிருக்கலாம். பேச்சித்தாயால் முடியவில்லை.

"மாமி, இங்கன வாங்க" என்று கொல்லைப்புற மூலைக்கு அழைத்துப் போனாள். அங்கே புல்லுக்குள் தண்ணீர் கிடந்தது. அவள் விரலை முக்கிக் காட்டினாள். "நாலு விரக்கடை நிக்கி. இது மட்டும் எனக்கு வசப்படல. பாத்துட்டுச் சொல்லுங்க."

நாகலக்ஷ்மி அந்த விரலையே பார்த்தாள். ஆறு மாதமாக வெட்டிய வடிகாலையும், தள்ளித் தெரிந்த, மஞ்சள் சுண்ணாம்பு அடித்த பேச்சித்தாயின் வீட்டையும் பார்த்தாள்.

"வாழைக்கு ஜலம் வேண்டாமா? இந்த மூலையில நாலு கன்னு வெச்சுக்கறேன்" என்றாள். "நீ போய்க் காபி போடு. உங்காத்துல எல்லாருமா உக்காந்து குடிக்கலாம்."

தை மாதம் பத்திரம் எழுதினார்கள். அடுத்த வருடமே நாகலக்ஷ்மி வீடு எழும்பியது. கிரகப்பிரவேசத்துக்கு நாக்பூரில் இருந்து வந்திருந்த உறவுக்காரர் ஒருவர், முன்பு கடிதத்தில் ஒன்பதாம் மனை என்றுதானே எழுதியிருந்தீர்கள், வாசலில் நான்கு என்று போட்டிருக்கிறதே என்று கேட்டார். பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்த பேச்சித்தாய்க்குக் கை நின்றுவிட்டது.

நாகலக்ஷ்மி கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஒன்பதுதான். ரோட்டுலேர்ந்து எண்ணினா எப்படி வரும்? மடையிலேர்ந்து எண்ணிப் பாருங்கோ."