தண்ணீர் காட்டக் கூடாத சட்டை

கோடக்கா என்றால்தான் அந்தத் தெருவுக்குத் தெரியும். ஒட்டுப்போர்வைக்குக் கோடு போடுவது அவள் பிழைப்பு. புருஷன் தையற்காரர், துணித்துண்டுகளைக் கட்டம் கட்டமாக மெஷினில் இணைத்துக் கொடுப்பார். அவள் அதன்மேல் அட்டை அச்சை வைத்து இதழும் பின்னலுமாக வரைந்து, கோட்டின் மேலேயே கையால் தையல் ஓட்டுவாள். புதுப்பெண்ணாக வந்தபோது சதுரம் வெட்டச் சொன்னால் ஓடு உடைந்தமாதிரி வெட்டுவாளாம். "இப்போ கோடு போடச் சொன்னா ரோடே போட்டுடுறா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார் மனுஷன்.

அன்று மதியம் கடைசி இதழை வரைந்து முடித்துக் கையைப் பார்த்தாள். கையில் இருந்தது நீலப்பேனா. தண்ணீர் பட்டால் மட்டுமே அழியும் மை அது. சுண்ணக்கட்டி, தட்டினால் உதிருமே, அது பக்கத்திலேயே கிடந்தது. பழக்கதோஷம், கை பேனாவைத் தேடிப் போயிருக்கிறது.

துணியோ டீச்சரம்மாவுடையது. செத்துப்போன வீட்டுக்காரரின் சட்டைகளைப் போர்வையாக்கித் தரச் சொல்லிக் கொண்டுவந்து கொடுத்தபோதே சொல்லியிருந்தார்: "துவைச்சுடாதீங்க. தண்ணியே காட்டாதீங்க. அவர் வாசனை இன்னும் இருக்கு." நடுக்கட்டத்து வெள்ளை, அவர் கடைசியாகக் கழற்றிப் போட்ட சட்டை. அதில்தான் இத்தனை நீலமும்.

"ஏங்க, கெட்டுச்சு குடி."

புருஷன் எட்டிப் பார்த்தார். "ஈரத்துணியால லேசா ஒத்தி எடுத்துடு. அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மூக்கு இல்லையா அவங்களுக்கு? போனா திரும்ப வர்ற பொருளா அது?"

"அப்போ என்னதான் சொல்லுவே?"

"உங்க தலையைச் சொல்லுவேன். சாயங்காலம் வந்துடுவாங்களே!"

தண்ணீர்ச் சொம்பைப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோய் வைத்தாள். எங்கே தானே தொட்டுவிடுவோமோ என்று பயம்.

டீச்சரம்மா சொன்னதற்கு முன்னாலேயே வந்துவிட்டார். மேசையில் விரித்திருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"இது என்ன நீலம்?"

"என் தப்புதாங்கம்மா. சுண்ணக்கட்டிக்குப் பதிலா பேனாவை எடுத்துட்டேன். தண்ணி போட்டாத்தான் போகும். போடலை."

"தண்ணி படவே இல்லையே?"

"சத்தியமா இல்லைங்கம்மா."

டீச்சரம்மா குனிந்து வெள்ளைக் கட்டத்தில் முகத்தைப் புதைத்தார். தையற்காரர் மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார். அந்த அம்மா நிமிர்வதாகவே இல்லை.

கடைசியில் தலை தூக்கினார். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "இருக்கு. கோடு இருந்துட்டுப் போகட்டும். அப்படியே தைங்க."

"சரிங்கம்மா. முடிச்சுச் சொல்லி அனுப்புறேன்."

"வேணாம். முடியறவரைக்கும் நான் இங்கேயே உட்காந்துக்கிறேன்."

நாற்காலியை மேசையோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோடக்கா ஊசியில் நூல் கோத்தாள். வெள்ளைக் கட்டத்தின் மேல் இடது கையை வைக்கப்போனபோதுதான் உள்ளங்கை நசநசவென்று வியர்த்திருப்பது தெரிந்தது. சேலையில் அழுத்தித் துடைத்தாள். மறுபடி வியர்த்தது. டீச்சரம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.