பாவாடை ஹோக்கனின் தொழுவம்

எங்கள் ஏரிக்கரைக்கு வந்து ஹோக்கன் யோன்சன் வீடு எது என்று கேட்டால், எந்த ஹோக்கன் என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தப் பெயரில் இங்கே மூன்று பேர் இருக்கிறார்கள். சுவீடனிலிருந்து கப்பலேறியபோது கோடரி, அரிவாள், நூல் ராட்டை எல்லாவற்றையும் மறக்காமல் மூட்டை கட்டிய நாங்கள், பெயர்களை மட்டும் போதுமான அளவு எடுத்துவரவில்லை. ஆகவே பாவாடை ஹோக்கன் வீடு எது என்று கேளுங்கள். சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விடும். ஆனால் கேட்கும்போது சிரிக்காதீர்கள். சிரித்தால் தப்பான வழியைக் காட்டி மினசோட்டா முழுக்க அலைய வைத்துவிடுவோம். அதை முதலில் செய்கிறவள் நானாகத்தான் இருப்பேன்.

என் பெயர் பெங்தா. ஏரியின் இந்தக் கரையில் நானும் என் கணவர் மோன்சும். எதிர்க்கரையில் ஹோக்கனும் அவன் மனைவி லொவீசாவும். ஒரே கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டு வந்தவர்கள் நாங்கள். எனக்கு அவர்கள் இருவருமே வயதில் சின்னவர்கள். கூடப் பிறந்தவர்களைப் போலத்தான் இருந்தோம், அதனால் கூடப் பிறந்தவர்களைப் போலவே சண்டையும் போட்டோம்.

ஹோக்கன் சிப்பாயின் மகன். முதுகை வளைக்கத் தெரியாது. சுவீடனில் எங்கள் ஸ்மோலாந்து மாகாணத்துக் கல்லோடு மல்லுக்கட்டி வளர்ந்தவன், இங்கே வந்தும் பார்த்துப் பார்த்துக் கல் நிறைந்த காட்டு நிலத்தையே பிடித்தான். தெற்கே புல்வெளி கடல் மாதிரி கிடந்தது, கலப்பையை வைத்தால் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும் மண். மரம் முளைக்காத மண்ணில் வேறு என்ன முளைக்கும் என்று சொல்லிவிட்டான். நாங்களும் தலையாட்டிவிட்டு அவன் பக்கத்திலேயே கல் பொறுக்க உட்கார்ந்தோம். அந்த முட்டாள்தனம் எங்கள் எல்லோருக்கும் பொது, அவனை மட்டும் சொல்லிப் பயனில்லை.

மரம் வெட்டினான், வீடு கட்டினான், பன்றி அடித்தான், பிணத்துக்குப் பெட்டி செய்து கொடுத்தான். ஒன்றை மட்டும் செய்யமாட்டான். பால் கறக்கமாட்டான். எங்கள் ஆண்பிள்ளைகள் யாருமே செய்யமாட்டார்கள். மாட்டுக்கு வைக்கோல் போடுவார்கள், சாணி அள்ளுவார்கள், ஆனால் மடியில் கை வைப்பது பெண்பிள்ளை வேலை. அதில் கை வைத்த ஆம்பளையை ஊரே வாய்க்குள் போட்டு மென்றுவிடும்.

சாலையோரத்தில் இந்த நாட்டிலேயே பிறந்த டட்டில் என்ற யாங்கிக்காரர் ஒருவர் இருந்தார். அவர் வாயில் புகைக்குழாயை வைத்துக்கொண்டு தன் மாடுகளைத் தானே கறப்பார். ஹோக்கன் அந்த வழியாகப் போனால் மாட்டு வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்ப்பான். அடுத்த கிறிஸ்துமஸுக்கு டட்டிலுக்கு ஒரு முக்காடு வாங்கித் தரவேண்டும் என்பான். டட்டிலுக்கு எங்கள் பேச்சு புரியாது, கையைத் தூக்கி வணக்கம் சொல்வார். கைக்குழந்தைக்காரிகளைக் குளிரில் கறக்க உட்காரவைத்துவிட்டு எங்கள் ஆண்கள் பக்கத்தில் நின்று புகை பிடிப்பதைப் பார்த்து அவர் என்ன நினைத்தாரோ, அதுவும் எங்களுக்குப் புரியாது.

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததற்கு அடுத்த குளிர்காலம். லொவீசாவுக்கு அந்த இலையுதிர் காலத்தில்தான் சிங்னே பிறந்திருந்தாள். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது லொவீசா காய்ச்சலில் விழுந்தாள். தாய்ப்பால் வற்றிவிட்டது. அவர்களிடம் மாய்ரோஸ் என்ற செவலைப் பசு ஒன்று இருந்தது. அதன் பாலில் வெந்நீர் கலந்து, மாட்டுக் கொம்பில் ஊற்றி, நுனித் துளையில் மெல்லிய தோலைச் சுற்றிக் குழந்தையின் வாயில் வைப்போம். எங்கள் ஊர்ப் பக்கம் அப்படித்தான் வளர்ப்பது. நான் காலையும் மாலையும் உறைந்த ஏரியைத் தாண்டிப் போய்க் கறந்து கொடுத்துவிட்டு வருவேன்.

அப்புறம் பனிப்புயல் வந்தது. வாசலில் நின்றால் எங்கள் தொழுவமே கண்ணுக்குத் தெரியவில்லை. மோன்ஸ் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு போய்த்தான் மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டு வந்தார். கறக்க வேண்டுமே என்று நானும் அதே கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனேன். மடியைப் பிடித்ததும் எனக்கு அந்தக் குழந்தை ஞாபகம் வந்துவிட்டது. ஹோக்கன் எப்படியாவது கறந்துவிடுவான் என்று மோன்ஸ் சொன்னார்.

"அவனா?" என்றேன். "புள்ள செத்தாலும் கை வைக்க மாட்டான் அவன்."

சொன்ன வாயை நான் பிறகு கழுவிக்கொள்ள வேண்டியிருந்தது. அங்கே நடந்ததை லொவீசாதான் பிற்பாடு எனக்குச் சொன்னாள்.

முதல் நாள் முழுவதும் ஹோக்கன் எனக்காகக் காத்திருந்தான். சன்னலில் படிந்த பனியைச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தான். மிச்சமிருந்த பால் தீர்ந்தது. குழந்தை வீறிட்டு அழுதது. அவன் அடுப்புக்கும் கதவுக்குமாக நடந்தான். மறுநாள் காலையில் குழந்தையின் சத்தம் குறைந்துபோனது. லொவீசா படுக்கையிலிருந்தபடியே பேசினாள்.

"அவ அழுதப்போ எனக்குப் பயமில்லங்க. இப்ப அழமாட்டேங்கிறா. கேட்டீங்களா?"

ஹோக்கன் வாளியை எடுத்துக்கொண்டு போனான். மாய்ரோஸ் விடவில்லை. பிறந்ததிலிருந்து பெண்பிள்ளைகள் கையில் பழகிய மாடு. புகையிலை நாற்றமும் மரம் வெட்டும் கையுமாக வந்தவனைப் பார்த்ததும் பாலை மேலே இழுத்துக்கொண்டது. வாளி ஒரு பக்கம் பறந்தது, ஹோக்கன் ஒரு பக்கம் விழுந்தான். வெறும் வாளியோடு வீட்டுக்கு வந்து நின்றான். அவனுடைய அப்பா அவனைச் சாட்டையால் அடித்தபோதுகூட அப்படி நிற்கவில்லையாம்.

லொவீசா ஆணியில் தொங்கிய தன் பாவாடையைக் கையால் காட்டினாள்.

"அதக் கட்டிக்குங்க. முக்காடும் போட்டுக்குங்க. அதுக்கு என் வாசந்தான் தெரியும்."

அவன் அந்தப் பாவாடையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றானாம். பிறகு எடுத்துக் கட்டினான். இடுப்பு எட்டவில்லை, கயிற்றால் இழுத்து முடிந்தான். லொவீசா அவனைக் கிட்டே கூப்பிட்டு, அவன் கட்டைவிரலைத் தன் கைக்குள் பிடித்து, மேலிருந்து கீழாக விரல் விரலாக எப்படி அழுத்த வேண்டும் என்று காட்டினாள். கறக்கும்போது தான் முணுமுணுக்கும் ராகத்தையும் சொல்லிக் கொடுத்தாள். காய்ச்சலில் அவளுக்குக் குரல் வரவில்லை. அவனுக்கோ எப்போதுமே குரல் கிடையாது. அதை வைத்துக்கொண்டு போனான்.

மாய்ரோஸ் பாவாடையை முகர்ந்தது. தலையைத் திருப்பி அவன் தாடியைப் பார்த்தது. மறுபடி முகர்ந்தது. பிறகு பாலை விட்டது. எங்கள் ஊர்க்காரர்கள் எத்தனையோ பேரைவிட அந்த மாட்டுக்கு விவரம் அதிகம் என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

புயல் ஓய்ந்த காலையில் நானும் மோன்சும் பனிச்சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு ஏரியைக் கடந்தோம். வழியெல்லாம் நான் அக்கரையையே பார்த்துக்கொண்டு போனேன். அவர்கள் வீட்டுப் புகைபோக்கியில் புகை தெரிந்ததும்தான் மூச்சு வந்தது. கிட்டே போகும்போது தொழுவக் கதவு திறந்தது. லொவீசாவின் நீலப் பாவாடையும் முக்காடும் முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே வந்தன. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"அடியே லொவீசா, உன்னப் படுத்துக் கெடன்னு சொன்னா எந்திரிச்சு வருவியா நீ?" என்று கத்தினேன்.

லொவீசா திரும்பினாள். முகம் முழுக்கத் தாடி, தாடி முழுக்கப் பனி.

மோன்ஸ் சிரித்த சிரிப்பில் சறுக்குக் கட்டையோடு குப்புற விழுந்தார். ஹோக்கன் வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் வீட்டுக்குள் போனான். நான் பின்னாலேயே போனேன். அவன் பாவாடையை அவிழ்க்கக்கூட இல்லை. உட்கார்ந்து, குழந்தையை மடியில் போட்டு, கொம்பை வாயில் வைத்தான். குழந்தை சப்பிக் குடிக்கும் சத்தம் அந்த அறை முழுக்கக் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ராஜா முடி சூட்டிக்கொள்வதைப் பார்த்திருந்தாலும் எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்திருக்காது.

நாங்கள் கிளம்பும்போது அவன் வாசலுக்கு வந்தான். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவன், மோன்சின் சட்டைக் கையைப் பிடித்தான்.

"அண்ணே, இத வெளியில சொல்லிடாதீங்க."

மோன்ஸ் சத்தியம் செய்தார். என் கணவர் நல்லவர்தான், வாய்தான் ஓட்டை. உடைந்த கலப்பையைச் சரிசெய்யக் கொல்லன் பட்டறைக்குப் போனவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வந்தார். அவருக்கு அந்த வாரம் முழுவதும் நான் காபி போட்டுத் தரவில்லை. சுவீடன்காரனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. ஆனால் என்ன பிரயோசனம், மூன்று ஹோக்கன்களில் இவன் யார் என்று சொல்ல ஊருக்கு ஒரு அடையாளம் கிடைத்துவிட்டது.

அதோடு ஹோக்கன் ஒடுங்கிப்போனான். கோயிலுக்கு வந்தால் கடைசி பெஞ்சு. ஆராதனை முடிந்து எல்லோரும் காபிக்கு உட்காரும்போது அவன் மாட்டைப் பூட்டிக்கொண்டிருப்பான். டட்டில் வீட்டைத் தாண்டிப் போகவேண்டும் என்பதால் காட்டுக்குள் தனக்கென்று ஒரு வழி வெட்டிக்கொண்டான். லொவீசா பிழைத்துவிட்டாள், ஆனால் அந்தக் காய்ச்சலில் விரல்கள் விறைத்தது விறைத்ததுதான். ஊசி பிடிக்கவே கஷ்டம். ஆகவே கறப்பது அவன் வேலையாகவே நின்றுவிட்டது. மாய்ரோசும் அதைப் பார்த்து வளர்ந்த கன்றுகளும் பாவாடை இல்லாமல் யாரையும் கிட்டே சேர்க்கவில்லை.

சில வருடம் கழித்துப் புதிதாகப் பெரிய தொழுவம் கட்டினான். இந்த ஏரிக்கரையில் அதைப்போல் இழைத்துக் கட்டிய தொழுவம் வேறு கிடையாது. கதவை மட்டும் வடக்கே காட்டைப் பார்த்து வைத்தான். சாலை இருப்பது தெற்கே. வடக்கிலிருந்து வரும் பனிக்காற்று நேராக உள்ளே போய் மாட்டின் முதுகில் உட்காரும். மோன்ஸ் சொன்னார், நான் சொன்னேன், டட்டில்கூட வந்து கையை ஆட்டி ஆட்டிக் காற்றைக் காட்டினார். ஹோக்கன் கேட்கவில்லை. ஒவ்வொரு குளிர்காலமும் கதவை மூடிய பனியை வெட்டி எடுத்துக்கொண்டுதான் உள்ளே போவான். கறப்பது ஊருக்கே தெரியும். தெரியாதது மாதிரி ஒரு கதவு.

சிங்னே அப்பனைப் போலவே நிமிர்ந்த முதுகோடு வளர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பாவாடை பாவாடை என்று கேலி செய்தபோது வீட்டில் போய்க் கேட்டிருக்கிறாள். ஹோக்கன் எழுந்து விறகு பிளக்கப் போய்விட்டான். லொவீசாவையும் அவன் சொல்ல விடவில்லை. பெண் நேரே என்னிடம் வந்தாள். நான் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். கொம்பு சப்பிய சத்தம் வரைக்கும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. வழக்கப்படி கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடையிலிருந்து அறிவிப்பு வாசிக்க வேண்டும். போதகர் புதிதாக வந்த இளைஞர். ஹோக்கன் யோன்சன் மகள் சிங்னே என்று வாசித்தார். பெஞ்சுகளில் சலசலப்பு. எந்த ஹோக்கன் என்று யாரோ கேட்டார்கள். போதகர் குனிந்து பார்த்து, ஏரிக்கரை ஹோக்கன் என்றார். மூன்று பேருமே ஏரிக்கரைதான். பின்னால் ஒருவன் "பாவாடை" என்று மெல்லச் சொன்னான், இரண்டு பேர் மூக்கால் சிரித்தார்கள். கடைசி பெஞ்சில் ஹோக்கனின் தலை கவிழ்ந்தது. மகளின் நல்ல நாளிலும் இது தன்னை விடவில்லையே என்று அவன் நொந்துபோனது எனக்குப் பெண்கள் பக்கத்திலிருந்தே தெரிந்தது.

சிங்னே என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். எழுந்து நின்றாள். எங்கள் கோயிலில் பெண்பிள்ளை எழுந்து பேசி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"ஐயா, நான் பாவாடை ஹோக்கன் மக. எங்கப்பா அன்னிக்கு அந்தப் பாவாடையக் கட்டலேன்னா நான் கொம்புப் பால் குடிச்சிருக்க மாட்டேன், இங்க நின்னுருக்கவும் மாட்டேன். நீங்க அந்தப் பேரச் சொல்லியே வாசிங்க. எல்லாருக்கும் கேக்கட்டும்."

போதகர் முழித்தார். யாரும் அவருக்கு உதவவில்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பாவாடை ஹோக்கன் மகள் சிங்னே என்று முதலிலிருந்து வாசித்தார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மோன்ஸ் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். நான் திரும்பி ஹோக்கனைப் பார்த்தேன். அவன் தலை நிமிர்ந்திருந்தது, தாடி நனைந்திருந்தது.

மறுநாள் ஏரியைத் தாண்டி எங்கள் வீடுவரை ரம்பச் சத்தம் கேட்டது. நாள் முழுவதும் கேட்டது. மாலையில் கல்யாண ரொட்டிக்கு மாவு கொடுக்கும் சாக்கில் நான் போய்ப் பார்த்தேன். தொழுவத்தின் தெற்குச் சுவரை அறுத்துச் சாலையைப் பார்த்துக் கதவு வைத்திருந்தான். இரண்டு பக்கமும் விரியத் திறந்து கிடந்தது. உள்ளே ஹோக்கன் லொவீசாவின் பாவாடையைக் கட்டிக்கொண்டு, அந்த ராகத்தை முணுமுணுத்தபடி கறந்துகொண்டிருந்தான். டட்டில் சாலையில் வண்டியில் போனார். வழக்கம்போல் கையைத் தூக்கினார். ஹோக்கனும் நுரை படிந்த கையைத் தூக்கினான்.

என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, பாவாடையை மறைக்கவும் இல்லை.

"இந்தப் பக்கம் இவ்வளவு வெயில் வரும்னு இத்தன வருஷமா எனக்குத் தெரியாமப் போச்சேக்கா" என்றான்.

"எங்களுக்குத் தெரியும்டா. நீதான் கதவ அந்தப் பக்கம் வச்சிருந்த" என்றேன்.

அவன் சிரித்துவிட்டு, ஒரு குவளையில் சூடான பாலை முகந்து என்னிடம் நீட்டினான். நான் கதவுப் படியில் வெயிலில் உட்கார்ந்து குடித்தேன்.