சிவப்புக் கோட்டின் வால்

பள்ளிவாசல்துறையில் பைபர் படகுகளுக்கு மர அச்சுச் செய்கிறவன் றிம்ஸான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஒரு நூல் பிசகினாலும் பலகையைத் திரும்பச் சீவுவான். அவசரம் என்று வருகிறவர்களுக்குக் கதிரையும் தேத்தண்ணியும் கிடைக்கும். படகு அடுத்த கிழமைதான்.

"என் தங்கச்சி கணக்கு டீச்சர்" என்று அவன் ஊரெல்லாம் சொல்லத் தொடங்கி ஆறு மாதம். உண்மையில் ஷிஹாரா இன்னும் பயிற்சியில்தான் இருந்தாள். உயர்தர வகுப்பில் அவள் பாடம் நடத்துவதைப் பார்த்துப் புள்ளி போட நாளைக்கு ஒருவர் வருகிறார். அதில் தவறினால் ஒரு வருஷம் பின்னுக்குப் போய்விடும்.

பாடத்துக்கு வெள்ளை பூசிய பிளைவூட் பலகை. சைன் வளைகோடு நீலத்தில். அதை அண்ணளவாகப் பின்தொடரும் பல்லுறுப்பி சிவப்பில். ஷிஹாரா கணக்குப் பார்த்து, பத்துப் பத்து சென்ரிமீற்றருக்கு ஒரு சின்ன ஆணி அடித்தாள். அசர் தொழுதுவிட்டு வந்த றிம்ஸான், ஆணிகளை ஒட்டி மெல்லிய மரச் சலாகையை வளைத்துக் கோடு போட்டான். படகின் விலாவுக்குக் கோடு எடுப்பதும் அப்படித்தான்.

நீலம் சரியாக வந்தது. சிவப்பில் ஆறாவது ஆணியிடம் சலாகை முரண்டு பிடித்தது.

"புள்ள, இந்த ஆணி பிழை."

"கல்குலேட்டர்ல பார்த்தது, நானா." அண்ணனை அவள் நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"கல்குலேட்டர் எத்தனை படகு செஞ்சிரிக்கி?"

கொப்பியைப் புரட்டினாள். எழுதியிருந்தது 14.2; அடித்திருந்தது 12.4இல். நாக்கைக் கடித்துக்கொண்டு ஆணியை மாற்றினாள்.

றிம்ஸானுக்கு உச்சி குளிர்ந்தது. கடைசி இரண்டு சிவப்பு ஆணிகளையும் பார்த்தான். நீலக்கோடு கீழே இறங்க, அவை மேலே ஏறி நின்றன.

"அப்ப இதுகளும் பிழை." ஆணி பிடுங்கக் குறடு எடுத்தான்.

"அல்லாஹ்வே, கழட்டாதீங்க! சலாகையை வச்சுப் பாருங்க."

வைத்தான். முதல் ஆணியிலிருந்து கடைசி ஆணி வரை ஓரிடத்திலும் நெருடாமல் படிந்தது. எடுத்து மறுபடியும் வைத்தான். அப்படியேதான். கையிலிருந்த குறட்டைக் கீழே போட்டான்.

"சிவப்புக்கு மூணு உறுப்புத்தான் சேர்த்திரிக்கேன். அது நீலத்தோட இவ்வளவு தூரந்தான் கூட வரும். பிறகு தன் பாட்டுக்குப் போயிரும். இன்னும் சேர்த்தா, இன்னும் தூரம் வரும்."

மறுநாள் பகல் பலகையோடு த்ரீவீலில் வந்திறங்கினாள். "பாஸ் நானா! புள்ளி போட வந்த சேர், பலகையில எது பிழைன்டு பிள்ளைகள்ட்டக் கேட்டார். பாதிப் பேர் சிவப்புட வாலைத்தான் காட்டினாங்க."

"காட்டுவாங்கதானே," என்றான் றிம்ஸான். "சலாகையை இங்க வச்சிட்டுப் போனா, அதுகளுக்கு எப்படி விளங்கும்?"