வாங்காமல் போனவர்கள்

"அதெல்லாம் இருக்கட்டுங்க தம்பி. கடைக்குள்ள வந்து பாத்துப்போட்டு, வாங்காமப் போறவங்கள உங்க சாஃப்ட்வேர் என்னங்க பண்ணும்?"

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது ஜன்னத் தையல் மிஷினின் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவார். அதுவரை மறுமுனையில் இருப்பவருக்கு மிஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கும். இப்போது திடீரென்று ஓய்ந்துவிடும். நூல்கண்டுப் பெட்டியின் மேல் சாய்த்துவைத்த போனையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

அன்று மறுமுனையில் இருந்தவர் பெயர் வம்சி. இணையத்தில் கடை போடுகிறவர்களுக்கு சாஃப்ட்வேர் விற்கும் ஒரு நிறுவனத்தின் ஆள். கடையின் முகப்பை எத்தனை விதமாக மாற்றலாம், பணம் எந்தெந்த வழியில் வாங்கலாம் என்று வெகுநேரமாக விளக்கிக்கொண்டிருந்தார். இந்தக் கேள்வி வந்ததும் குரலில் புது உற்சாகம் ஏறிவிட்டது.

"அங்கதாங்க மேடம் நாங்க நிக்கறோம்! கூடையில போட்டுட்டு வாங்காமப் போறவங்கள நாங்க விடவே மாட்டோம். கொஞ்ச நேரத்துல வாட்ஸ்அப் போகும். மறுநாள் போட்டோவோட இன்னொண்ணு போகும். அப்பவும் வரலைன்னா தள்ளுபடி போட்டு ஒண்ணு."

"விடவே மாட்டீங்களா?"

"விடவே மாட்டோங்க மேடம்."

"சரிங்க தம்பி. நேரமாச்சு, போய்ச் சாப்பிடுங்க."

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நல்ல பையன். இதும் ஆகாதுங்க அம்மணி" என்றார். மிஷின் மறுபடியும் ஓடத் தொடங்கியது.

கோவையில் கரும்புக்கடை என்ற பகுதியில் ஒரு வீட்டின் பின்னறைதான் ஜன்னத்தின் பட்டறை. ஐம்பதைத் தாண்டியவர். ஒல்லியான உடம்பு. வேலை இல்லாதபோதும் கத்தரிக்கோலை விரலிலிருந்து கழற்ற மாட்டார். டீ குடிக்கும்போதுகூட அது மடியில் தொங்கும். புற்றுநோய்க்காக மார்பை எடுத்துவிட்ட பெண்கள் அணியும் உள்ளாடையைத்தான் அவர் தைக்கிறார். உள்பக்கம் ஒரு சின்னப் பை இருக்கும். அதற்குள் வைக்க, மெத்தென்ற துணியில் செய்த ஒரு திண்டு. என் நாத்தனாருக்காக வாங்கத்தான் முதலில் அங்கே போனேன். பிறகு வாங்குவதற்கு ஒன்றும் இல்லாமலும் போய்க்கொண்டிருக்கிறேன்.

ஜன்னத்துக்கும் அதே அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. கடையில் கிடைத்த ரப்பர் திண்டு வெயில் காலத்தில் புழுங்கித் தள்ளியதால், திருப்பூர் பனியன் துணியில் தானே தைத்துப் பார்த்தார். "வெறும் பஞ்சு வெச்சா கனமில்லாம மேல மேல ஏறிக்குதுங்க. ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் காத்துன்னா தோளே கோணிப்போகுது. சரின்னு ராகியக் கொட்டித் தெச்சேன். வேர்வை பட்டு மொளச்சுப்போச்சு!" இதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் சிரிப்பார். இப்போது உள்ளே போடுவது கடுகைவிடச் சிறிய கண்ணாடி மணிகள்.

நோயின் பெயரை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. 'ஆபரேசன்' என்பார், அவ்வளவுதான். வாங்க வருகிறவர்கள் எல்லாரும் 'நம்மாளுங்க'. கணவர் ரசாக் உக்கடத்தில் கொக்கி, எலாஸ்டிக், நூல் விற்கும் தையல் சாமான் கடை வைத்திருக்கிறார். மனைவி என்ன தைக்கிறார் என்று அவர் வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் பார்சல் கட்டுவது அவர்தான். பழுப்பு நிறக் கவரை நாலு பக்கமும் தடவித் தடவி ஒட்டுவார். உள்ளே என்ன என்று கூரியர்காரர் கேட்டால், "தலகாணி உறைங்க" என்பார்.

போனிலேயே ஆர்டர் எடுக்கலாமே, இணையக் கடை எதற்கு என்று ஒருமுறை கேட்டேன்.

"போன் பண்ணுவாங்க அம்மணி. 'ஹலோ'ம்பாங்க. அப்புறம் பேச்சே வராது. மூச்சு மட்டும் கேக்கும். நானும் ஒண்ணுஞ் சொல்லாம இருப்பேன். வெச்சுருவாங்க. மறுக்கா கூப்பிட மாட்டாங்க. அவங்களுக்குத்தானுங்க கடை வேணும். யாருகிட்டயும் வாயத் தொறக்காம வாங்கோணும்."

அப்படி ஒரு கடையை அவர் முன்பு நடத்தியிருக்கிறார். தெரிந்தவர்கள் சொன்ன ஒரு சாஃப்ட்வேரில்தான். விலை மலிவு, எல்லாம் தானாகவே நடக்கும் என்றார்கள். சில மாதங்கள் நன்றாகத்தான் போயிற்று. கோபியிலிருந்தும் பவானியிலிருந்தும் பெயர் தெரியாத பெண்கள் வாங்கினார்கள். கடைக்குள் வந்தவர்களில் ஒருவர் மட்டும் ஜன்னத்துக்குத் தெரிந்தவர். வெள்ளகோவில் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த வள்ளியாத்தாள். தோட்டமும் மாடுகளும் உள்ள குடும்பம். முதல் தடவை நேரிலேயே வந்து அளவு கொடுத்து வாங்கிப்போனவர், பிறகு அவ்வப்போது போனில் மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் பேசுவார். ஊருக்குள் அவருக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்றுதான் சொல்லியிருந்தார்கள். மகள் ரித்திகாவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம்.

"அம்மாளுக்கு வந்தா பொண்ணுக்கும் வருமுன்னு சொல்லீருவாங்கல்லங்க" என்று ஜன்னத் எனக்கு விளக்கினார்.

மாற்றிப் போட இன்னொன்று வேண்டும் என்று வள்ளியாத்தாள் ஒரு சாயங்காலம் கணவர் பொங்கியண்ணனின் போனில் கடையைத் திறந்திருக்கிறார். தனக்கென்று போன் கிடையாது. பெயரும் அந்த நம்பரும் கொடுத்து, பொருளைக் கூடையில் போட்ட நேரத்தில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட, போனை அப்படியே போட்டுவிட்டு அதன் பின்னால் ஓடியிருக்கிறார். பிறகு மறந்தேபோனார்.

மறுநாள் காலை பொங்கியண்ணன் கோபிசெட்டிபாளையத்தில் மாப்பிள்ளை வீட்டில் இருந்தார். எல்லாம் பேசி முடித்து, நாள் குறிக்கிற கட்டம். பெண்ணின் போட்டோ இன்னும் இருக்கிறதா என்று மாப்பிள்ளையின் அம்மா ஆசையாகக் கேட்க, போனையே கையில் கொடுத்துவிட்டார். அந்த அம்மாள் ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, திரையின் மேல்பக்கத்திலிருந்து ஒரு செய்தி இறங்கியது. 'மறந்துவிட்டீர்களா, வள்ளியாத்தாள்? உங்கள் கூடை உங்களுக்காகக் காத்திருக்கிறது.' கூடவே பொருளின் படம். அது எந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கானது என்ற விளக்கமும் அதன் கீழே இருந்தது.

"இது யாருக்குங்க?" என்று அந்த அம்மாள் கேட்டாராம். பொங்கியண்ணனுக்குச் சட்டென்று ஒரு பொய் வரவில்லை.

சண்டை எதுவும் இல்லை. காபி கொடுத்தார்கள். வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் போனை எடுக்கவில்லை.

வள்ளியாத்தாள் வேறொரு எண்ணிலிருந்து ஜன்னத்தைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். திட்டவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஏனுங்க பாயம்மா, நா வாங்கவே இல்லீங்களே. வாங்காதவளுக்கு எதுக்குங்க அனுப்புனீங்க?"

ஜன்னத் அன்றே கடையை மூடிவிட்டார். மூடுவதற்கு முன்னால், அந்தச் செய்தி எங்கிருந்து போனது என்று தேடியிருக்கிறார். சாஃப்ட்வேரின் உள்ளே, பக்கத்துக்குள் பக்கமாகப் போய், ஒரு மூலையில் கண்டுபிடித்தார். "சின்னப் பொத்தானுங்க அம்மணி. நீலக் கலர்ல எரிஞ்சுட்டு இருந்துச்சு. கடை தொறந்த நாள்ல இருந்தே எரிஞ்சுருக்குது. நா அதத் தொட்டதே இல்ல." நூலைக் கத்தரித்துவிட்டு, "தொட்டிருக்கோணும்" என்றார்.

அதிலிருந்துதான் இந்தத் தேடல். ஒரு சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்க்க என்னென்ன செய்யலாமோ அத்தனையும் செய்கிறார். இலவசமாகப் பார்க்கத் தருகிற நாட்களில் ஒரு பொய்க்கடை போடுவார். ரசாக்கின் நம்பரைக் கொடுத்து, வேறொரு பெண்ணின் பெயரில் தானே வாடிக்கையாளராக நுழைந்து, பொருளைக் கூடையில் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவார். ரசாக் அந்த போனைக் கடைக்குக் கொண்டுபோய், ஆட்கள் நிற்கிற இடத்தில் மேசைமேல் வைப்பார். கொக்கி எண்ணிக்கொண்டிருக்கும்போது போன் கத்தினால் வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு வார்த்தைதான் சொல்வார்: "வந்துருச்சு."

அதோடு அந்த சாஃப்ட்வேரின் கதை முடிந்துவிடும். சோதித்தவற்றில் ஒன்று, பார்சலின் மேல் ஒட்டும் சீட்டில் பொருளின் பெயரைக் கொட்டை எழுத்தில் அச்சடித்தது. இன்னொன்று, கடைக்குள் வருகிறவர்களுக்கெல்லாம் 'பவானியிலிருந்து இன்னார் இப்போதுதான் இதை வாங்கினார்' என்று மூலையில் காட்டிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்த அன்று ஜன்னத் சாப்பிடவில்லை. "தெருவுல நின்னு தண்டோரா போடறாப்புல இருக்குதுங்க."

வேண்டாததை அணைத்துவைக்க எல்லாவற்றிலும் வழி இருக்குமே என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"அணைக்கலாங்க. அப்டேட்டுன்னு ஒண்ணு வருதுல்ல, அது வந்தா தானா எரியும். ஒண்ணுல எரிஞ்சுது. கண்ணுல பாத்தேன்."

கடைசியில் அவருக்குக் கிடைத்தவர் குமாரசாமி. எண்ணெய் மில்களுக்கும் அரிசி மண்டிகளுக்கும் பில் போடும் சாஃப்ட்வேர் எழுதிக்கொடுக்கிறவர். தனியாள். இணையக் கடைக்கென்றும் ஒன்று எழுதிவைத்திருந்தார். வாங்கத்தான் ஆள் இல்லை. அன்றும் நான் பின்னறையில் இருந்தேன். வழக்கமான கேள்வி வந்தது. மிஷின் நின்றது. மறுமுனையில் குமாரசாமி சங்கடத்தோடு தொண்டையைச் செருமினார்.

"வாங்காமப் போனா… போனதுதானுங்க. அதுக்கு நம்மளதுல வசதி ஒண்ணும் இல்லீங்க. யாரு வந்தாங்க, யாரு போனாங்கன்னும் தெரியாதுங்க. வேணும்னா சேத்தித் தாரனுங்க."

"வேண்டாங்க. அப்படியே உடுங்க."

"இல்லீங்க, எல்லாரும் கேக்கறாங்க, ஒரு மாசத்துல…"

"ஏனுங்க, உங்களக் கையெடுத்துக் கும்பிடறேன். ஒண்ணும் சேத்தாதீங்க."

கடை திறந்தாயிற்று. பார்த்தால் பாவமாக இருக்கும்: வெள்ளைப் பக்கம், கறுப்பு எழுத்து, ஒரே ஒரு படம். அதிலும் ஆர்டர் வந்தது, எப்போதாவது. ஜன்னத்தின் முகத்தில் நான் எதிர்பார்த்த மலர்ச்சி மட்டும் வரவில்லை. ஒருநாள், "வெள்ளகோவில் வரைக்கும் போலாமுன்னு இருக்கறேன். கூட வாரீங்களா அம்மணி?" என்று கேட்டார். வள்ளியாத்தாள் கூடையில் போட்டுவிட்டுப்போன அதே அளவில் ஒன்று தைத்து, அவரே உறையில் போட்டு எடுத்துக்கொண்டார்.

வெள்ளகோவிலில் இறங்கி, இன்னொரு டவுன் பஸ் பிடித்து அந்த ஊருக்குப் போனோம். பொங்கியண்ணன்தான் வாசலில் இருந்தார். "வாங்க வாங்க, உக்காருங்க" என்று நாற்காலிகளை எடுத்துப் போட்டார். யார் என்று தெரிந்ததும், "தோட்டத்துல தண்ணி பாயுதுங்க, பாத்துட்டு வாரேன்" என்று கிளம்பிவிட்டார். நாங்கள் இருந்தவரையில் திரும்பவில்லை. ரித்திகா காபி கொண்டுவந்தாள். காங்கேயத்தில் வேலைக்குப் போகிறாளாம். சிரித்த முகம். கொடுத்துவிட்டு உள்ளே போனவள் டிவியின் சத்தத்தைக் கூட்டினாள். நாங்கள் பேசுவது தன் காதில் விழ வேண்டாம் என்பதற்காகத்தான் என்று தோன்றியது.

வள்ளியாத்தாள் சேலை முந்தியை இடது தோளோடு இறுக்கிப் போர்த்தியிருந்தார். தோள் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது.

"அந்த சாஃப்ட்வேர் இப்ப இல்லீங்க அக்கா" என்று ஜன்னத் தொடங்கினார். "வேற மாத்தீட்டேன். இது யாருக்கும் ஒண்ணுமே அனுப்பாது. நல்லாப் பாத்துட்டுத்தான் வாங்குனேன்."

"நல்லதுங்க பாயம்மா. இனி வாரவங்களுக்காச்சும் ஆகட்டும்."

ஜன்னத் உறையை நீட்டினார். வள்ளியாத்தாள் அதைக் கையில் வாங்கி, வெளியிலிருந்தே விரலால் அமுக்கிப் பார்த்தார். திரும்ப ஜன்னத்தின் மடியிலேயே வைத்தார்.

"இருக்கட்டுங்க. மொதல்ல வாங்குனதையே இப்பப் போடறதில்லீங்க. பழைய துணியச் சுருட்டி வெச்சுக்கறேன், போதும். அடுத்த வாரம் புள்ளையப் பாக்கறதுக்கு கரூர்ல இருந்து வாராங்க. இத நா எங்கீங்க ஒளிக்கறது? கொடியில போட முடியுமா, பீரோவுல வெக்க முடியுமா?"

"என்மேல கோவமுங்களா அக்கா?"

"அய்யோ, நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்." அதைச் சொன்ன குரலில் கோபம் துளியும் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஜன்னத்துக்குத் தேவலையாக இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

பஸ் நிறுத்தம்வரை எங்கள்கூடவே நடந்துவந்தார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. வழியில் இருவரும் ஜன்னத்தின் ஊசி, மருந்து, செக்கப் என்று தணிந்த குரலில் பேசிக்கொண்டு வந்தார்கள். பஸ் வந்து நின்றது. முன்படியில் அந்த ஊர்ப் பெண்கள் இரண்டு மூன்று பேர் இறங்கினார்கள். அவர்களைப் பார்த்ததும் வள்ளியாத்தாள் எங்களைவிட்டுச் சட்டென்று தள்ளிப்போய் நின்றுகொண்டார். "அட, சந்தைக்கா போயிட்டு வாரீங்க?" என்று அவர்களிடம் பேசியபடியே, எங்களுக்கு முதுகு காட்டி நடக்கத் தொடங்கினார்.

நாங்கள் ஏறி உட்கார்ந்தோம். பஸ் நகர்ந்து அவர்களைக் கடக்கும்போது, ஜன்னத் ஜன்னல் வழியாகக் கையை உயர்த்தினார். பாதியில் என்ன நினைத்தாரோ, அந்தக் கையை அப்படியே தலைக்குக் கொண்டுபோய், ஒழுங்காகவே இருந்த முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.