தங்கையின் பதிவுத் திருமணமும் விடாத கேபிளும்

மின்சாரக் காரை வாங்கியவர் என் கணவர். அதைச் சார்ச் செய்ய அலைபவள் நான். ஸ்டுட்கார்ட்டில் நாங்கள் இருக்கும் கட்டடத்தின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் சார்ச் பெட்டி பொருத்த, வீட்டு உரிமையாளர்கள் கூட்டம் கூடிச் சம்மதிக்க வேண்டுமாம். விண்ணப்பம் கொடுத்து ஒன்றரை வருடமாகிறது. அதுவரை நீச்சல் குளத்தடியில் உள்ள பொதுச் சார்ச் கம்பத்தில் காரை விட்டு, வேலைக் களைப்போடு வீட்டுக்கு நடந்து, பிறகு எடுப்பதற்கு மறுபடி நடப்பேன்.

போன மாசியில் டோர்ட்முண்டில் என் தங்கைக்குப் பதிவுத் திருமணம். பதிவகத்தில் பதினொன்றரைக்கு நேரம் குறித்திருந்தார்கள். சாட்சிக் கையெழுத்து வைப்பவள் நான். மோதிரங்களும் என் கைப்பையில்தான். ரயிலில் போவோம் என்றேன். கணவர் கேட்கவில்லை.

"வழியில ரெண்டு தரம் நிப்பாட்டினால் காணும். ஒரு கோப்பி குடிக்கிற நேரம்."

விடியப்புறம் ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். குளிரில் பற்றரி அவருடைய கணக்கைவிட வேகமாக இறங்கியது. கால் குளிருது என்றதற்கு, ஹீற்றரைக் குறைத்தால் இன்னும் கொஞ்சத் தூரம் போகலாம் என்றார். பட்டுச் சேலைக்கு மேல் ஜாக்கெட்டை இழுத்து மூடிக்கொண்டேன்.

இரண்டாவது தரிப்பில் சார்ச் இயந்திரம் எங்கள் அட்டையை ஏற்கவில்லை. செயலியைத் திறந்தால் அது புதுப்பிக்கச் சொன்னது. ஒருவழியாகச் சார்ச் ஏறி முடிந்தபோது கேபிள் கழலவில்லை. கணவர் இழுத்தார், நானும் இழுத்தேன். காரைப் பூட்டித் திறந்தும் பார்த்தோம். சார்ச் கம்பனியின் உதவி எண்ணுக்கு எடுத்தால், நாங்கள் விடுவித்துவிட்டோம், கார்தான் பிடித்து வைத்திருக்கிறது என்றார்கள். கார்க் கம்பனிக்காரரோ, இயந்திரத்தில்தான் பிழை என்றார்.

தங்கையின் அழைப்பு வந்தது. என்னால் எடுக்க ஏலவில்லை, எடுத்து என்ன சொல்வது?

கடைசியில் கணவர் காரின் கைநூலைப் படித்தார். டிக்கிக்குள், பக்கத் தகட்டுக்குப் பின்னால், அவசரத்துக்கு இழுக்கும் கயிறு ஒன்று இருக்கிறதாம். டிக்கி நிறையப் பலகாரத் தட்டுகள். ஒவ்வொன்றாக இறக்கி ஈரத் தரையில் வைத்தேன். பாரவண்டிச் சாரதிகள் இருவர் சிகரெட் புகைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றை இழுத்ததும் கேபிள் கழன்றது.

"கார் வாங்கின அண்டைக்கே கைநூலை வாசிச்சிருக்கலாம்" என்றேன். அவர் தட்டுகளைத் திரும்ப டிக்கிக்குள் அடுக்கினார்.

டோர்ட்முண்டை அடையும்போது பன்னிரண்டே கால். அடுத்த சோடி உள்ளே போயிருந்தது. தங்கையும் மாப்பிள்ளையும் வாசற்படியில் சான்றிதழோடு நின்றார்கள். சாட்சி கட்டாயமில்லையாம், மோதிரமும் கட்டாயமில்லையாம். பதிவாளர் அம்மா பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுதி முடித்துவிட்டார்.

எனக்கு அழுகை வந்தது. தங்கை என் கையைப் பிடித்தாள்.

"அழாதேங்கோ அக்கா. மோதிரத்தைத் தாங்கோ, இதிலயே போடுவம்."

மாப்பிள்ளையின் விரலில் மோதிரம் இறுகிப் பாதியில் நின்றது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் ஆத்திரம் போகவில்லை.

தங்கை வீட்டில் மத்தியானச் சாப்பாடு; அதற்குக் கணவர் வரவில்லை. மூன்று தெரு தள்ளி ஒரு சார்ச் இடம் கண்டுபிடித்து வரிசையில் நின்றார். அவர் வந்தபோது அவருக்கு எடுத்து வைத்த புரியாணி ஆறிப்போயிருந்தது. தங்கை சூடாக்கப் போனாள். வேண்டாம், அப்படியே வை என்றேன். அன்று மாலை அவர் காரில் திரும்பினார், நான் ரயிலில் வந்தேன்.