தொட்டிக்குச் செய்த ஆயுத பூஜை

பிள்ளைப்பாக்கத்தில் பெண்கள் விடுதி ஒன்றின் கழிவுநீர்த் தொட்டிகளுக்கு நான்தான் ஆபரேட்டர். நாற்றம் பிடித்த வேலை என்று ஊரில் அம்மா இன்னும் மூக்கைச் சுளிக்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்! அடியிலிருந்து காற்றடித்துக் கலக்கும் பெரிய தொட்டி பழுப்பாகப் புரளும் நாளில் நனைந்த மண் மாதிரி மணக்கும். ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் நான் எங்கேயோ போய்விடுவேன். கழிவைத் தின்னும் பாக்டீரியா, அதை விழுங்கும் ஒற்றைச் செல் உயிர்கள், இரண்டையும் சாவகாசமாக மேயும் ரோட்டிஃபர் என்ற நுண்பிராணி. மதியச் சாப்பாடு ஆறிப்போகும். நான் அந்தச் சொட்டுக்குள்ளேயே மிதந்துகொண்டிருப்பேன்.

தெளிந்த நீர், அவை கரைத்துவிட்ட சத்தோடு, வேலிக்கு அந்தப்புறம் ஓர் அக்காவின் குட்டைக்குப் போகும். நிலமெல்லாம் கம்பெனிகளுக்குக் கைமாறிய பிறகு அவருக்கு மிச்சம் நாலு மாடும் அந்தக் குட்டையும்தான். அந்தச் சத்தில் பாசி வளரும், பாசியைப் பூச்சி தின்னும், இரண்டையும் ஜிலேபி மீன் தின்னும்.

போன ஆயுத பூஜைக்கு எல்லாக் கம்பெனியிலும் மெஷினைக் கழுவிப் பொட்டு வைத்தார்கள். என் தொட்டி மட்டும் அழுக்காகக் கிடப்பதா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சுவரைத் தேய்த்து, பிளீச்சிங் பவுடரை வாளி வாளியாகக் கரைத்து ஊற்றி, சந்தனம் வைத்து மாலையும் போட்டேன். படித்தவள்தான் நான். பூஜைக் குஷியில் புத்தி லீவில் போய்விட்டது.

இரண்டு நாள் விடுமுறை கழித்து வந்தால், தொட்டி சாம்பல் நிறத்தில் நுரை கக்கிக்கொண்டிருந்தது. மைக்ராஸ்கோப்பில் ஒன்றுமே அசையவில்லை. தின்ன ஆளில்லாத கழிவு அப்படியே குட்டைக்குப் போயிருந்தது. ஓடிப்போய் வால்வை மூடினேன். குட்டையில் பாதி மீன் செத்து ஒதுங்கிவிட்டது. மீதி வாயைப் பிளந்துகொண்டு மேலே திணறியது.

"இன்னாடி ஊத்துன?" அக்கா கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பூஜைக்குத் தொட்டியக் கழுவுனேன்க்கா. பிளீச்சிங் போட்டுட்டேன். என் தப்புதான்."

"எரிஞ்சிக்கினு கீற அடுப்பத் தண்ணி ஊத்திக் கழுவுவாங்களாடி?"

உபரி பம்பைக் கொண்டுவந்து குட்டை நீரை அதன் மேலேயே பீய்ச்சினேன், காற்றாவது கலக்கட்டும் என்று. விடுதிக் கழிவை லாரியில் அனுப்பினோம். தொட்டிக்கு மறுபடி உயிர் ஏற்றச் சாணமும் வெல்லமும் கரைக்க வேண்டும். சாணத்துக்கு அந்த அக்காவிடம்தானே போக வேண்டும்! வெட்கத்தில் செத்தேன். அவர் திட்டிக்கொண்டே கூடையை என் கையில் திணித்தார். சாணம் இன்னும் சூடாக இருந்தது.

அப்புறம் வந்த நாட்கள் கனவு மாதிரி நகர்ந்தன. தினமும் ஒரு சொட்டு, தினமும் வெறும் சாம்பல். ஒரு காலை ஏதோ துளியூண்டு நெளிந்தது. நான் சத்தம் போட்டு அழுதுவிட்டேன். மெல்லத் தொட்டி பழுப்பானது.

வால்வைத் திறக்கும் நாளில் அக்காவைக் கூப்பிட்டேன். அடியில் தங்கிய செத்த மீன்களில் முள்தான் மிச்சம். மேலே நீர் பச்சை பிடித்திருந்தது.

"செத்ததெல்லாம் எங்கடி போச்சு?"

"அந்தப் பச்சையிலதான்க்கா இருக்கு. கண்ணுக்குத் தெரியாததுக தின்னு கரைச்சிருச்சு."

அவர் குனிந்து ஒரு கை நீரை அள்ளிப் பார்த்தார். நான் வால்வைக் கொஞ்சம் திருகிவிட்டு, பயந்து மறுபடி மூடினேன்.

"பயந்துக்கினே தெற. அதான் நல்லது," என்றார்.

திறந்தேன். பிழைத்திருந்த மீன்கள் ஒவ்வொன்றாகக் குழாய் வாய்க்கு வந்தன. அவற்றுக்கு என்மேல் கோபம் இல்லை, பசிதான் இருந்தது.